முகாமில் பிறந்து திரும்பிய மாணவிக்குத் துறை செய்யக்கூடியவை

வணக்கம் ஐயா. தமிழ்நாட்டில் இலங்கை அகதிகள் தங்கும் மண்டபம் முகாமில் பிறந்து, பெற்றோருடன் யாழ்ப்பாணம் திரும்பி, உயர்தரம் சித்தியடைந்து தங்கள் பல்கலைக்கழகத் துறைக்கு வந்த மாணவி வகுப்பில் வாய் திறப்பதில்லை, உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

அவர் விண்ணப்பிக்காததை அக்கறையின்மை என்று எண்ணிவிடாதீர்கள். மகாபொல என்ற அரச புலமைப்பரிசிலுக்கோ பல்கலைக்கழக உதவித்தொகைக்கோ குடும்ப வருமானத்தைக் காட்ட வேண்டும். சொந்தக் காணிக்குப் போக முடியாமல் உறவினர் வீடுகளில் மாறி மாறித் தங்கும் குடும்பத்துக்கு, எந்தக் கிராம அலுவலரிடம் கடிதம் கேட்பது என்பதே பெரிய சிக்கல். இந்தியாவில் பிறந்த பிள்ளை என்பதால், 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5(2) ஆம் பிரிவின்படி பெற்ற பதிவுச் சான்றிதழையும் சில இடங்களில் காட்ட நேரும். ஒவ்வொரு கருமபீடத்திலும், பின்னால் வரிசையில் நிற்பவர்கள் கேட்க, முகாம் கதையை மீண்டும் சொல்ல வைப்பது கொடுமை. ஒரே ஒரு உத்தியோகத்தர் அவருடைய கோப்பை ஏற்று, பிரதேச செயலகத்துடன் தாமே பேசினால் பாதிப் பாரம் குறையும்.

மௌனத்துக்குக் காரணம் பெரும்பாலும் பேச்சு வழக்காக இருக்கலாம். தமிழ்நாட்டு வழக்கில் பேசுவதை மூத்த மாணவர்கள் பழித்துக் காட்டி அவருக்கு மன உளைச்சல் தந்தால் அது விளையாட்டல்ல, 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்யும் பகிடிவதை (ராகிங்). அதைத் துறைத்தலைவர் எல்லா மாணவருக்கும் பொதுவாக அறிவிக்கட்டும்; மாணவியின் பெயரையோ முகாமையோ குறிப்பிட வேண்டாம். வகுப்பில் திடீரென்று கேள்வி கேட்பதை விட்டு, இருவர் மூவராகச் செய்யும் ஒப்படைகளில் அவரைச் சேர்த்துவிடுங்கள்.