மூளையில் புழு இருந்தால் எம்.ஆர்.ஐ.யில் தெரிந்துவிடுமா?

திடீரென்று வலிப்பு வந்தவருக்கு சி.டி.யில் சின்னதாக ஒரு கட்டி தெரிந்தது, புழுவாக இருக்கலாம் என்று எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள், அதில் உறுதியாகத் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எம்.ஆர்.ஐ. எடுப்பதுதான் 12 வருடமாக என் வேலை. ரிப்போர்ட் எழுதுபவர் ரேடியாலஜிஸ்ட், ஆனால் படம் முதலில் வருவது என் கண்ணுக்குத்தான்.

உயிரோடு இருக்கும் புழு என்றால் பெரும்பாலும் தெரியும். மூளையில் அதிகம் பார்ப்பது பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம். தண்ணீர் நிறைந்த ஒரு பைக்குள் அது சுருண்டிருக்கும். ஃப்ளேர் என்று ஒரு படவரிசை உண்டு. அதில் அந்தப் பை கறுப்புக் குமிழாகவும், ஓரத்தில் ஒட்டியபடி ஒரு வெள்ளைப் புள்ளியும் தெரியும். அந்தப் புள்ளிதான் புழுவின் தலை, ஓரிரண்டு மில்லிமீட்டர் இருக்கும். அது தெளிவாகத் தெரிந்துவிட்டால் வேறு சந்தேகத்துக்கு இடமில்லை. படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தும்போது ஒரே ஒரு படத்தில் மட்டும் வந்துவிட்டு மறைந்துவிடும். அதனால்தான் சந்தேகம் இருந்தால் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய வெட்டுப் படங்களாக மறுபடி எடுப்போம். மூளையின் நீரறைகளில் மிதக்கும் பைகளை, நீரோடு நீராக இருப்பதால், சாதாரணப் படத்தில் கண்டுபிடிப்பது கஷ்டம். அங்கேயும் மெல்லிய வெட்டுகள்தான் கைகொடுக்கும்.

புழு சாகத் தொடங்கும்போதுதான் குழப்பம். உடம்பு அதை எதிர்க்கும், சுற்றிலும் வீக்கம் வரும், பலருக்கு வலிப்பு வருவதே இந்தக் கட்டத்தில்தான். படத்தில் எடுப்பாகத் தெரிவதற்காகப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டால் அந்த இடம் வளையமாக ஒளிரும். காசநோய்க் கட்டியும் அப்படியே ஒளிரும். 2 சென்டிமீட்டருக்குள் இருந்தால் புழுவின் பக்கம் சாய்வார்கள், பெரிதாக, ஒழுங்கற்று இருந்தால் காசநோயை நினைப்பார்கள். அதுவும் முடிந்த முடிவல்ல. ரத்தப் பரிசோதனை, சில மாதம் கழித்து மறு ஸ்கேன் என்று போகும். ஒரே ஒரு சிறு வளையம் தானாகவே மறைந்துவிடுவதும் உண்டு.

செத்துச் சுண்ணாம்பாகிப்போன புழுவுக்கு சி.டி.தான் நல்லது. சாதாரண எம்.ஆர்.ஐ. வரிசைகளில் அது தவறிப்போகலாம். எனவே பழைய சி.டி. படத்தையும் தயவுசெய்து கையோடு கொண்டுபோங்கள். 'அதுதான் எம்.ஆர்.ஐ. எடுக்கிறோமே' என்று வீட்டில் வைத்துவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா, எத்தனை, எங்கே என்பதைப் பொறுத்துத்தான் புழு மருந்து தேவையா என்றே முடிவாகும். வீக்கம் அதிகமாக இருக்கும்போது அந்த மருந்து ஆபத்தாகவும் முடியலாம். மருந்துக்கு முன் கண் பரிசோதனை கேட்டால் மறுக்காதீர்கள். கண்ணுக்குள் புழு இருந்து அது அங்கே செத்தால் பார்வையே போய்விடலாம்.

பன்றி இறைச்சி தொடாதவருக்கு எப்படி வந்தது என்றும் கேட்டிருந்தீர்கள். சரியாக வேகாத இறைச்சியால் வருவது குடலில் வளரும் நாடாப்புழு. மூளைக்கு வருவது, அப்படிப் புழு உள்ளவரின் மலத்திலிருந்து கை, தண்ணீர், உணவு வழியாக வாய்க்குள் போகும் முட்டையால். சைவம் சாப்பிடுபவருக்கும் வரும். வீட்டில் மற்றவர்களுக்கும் மலப் பரிசோதனை செய்வது நல்லது.

ஸ்கேனுக்குள் போகும்போது அவரிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: சத்தம் பயமாக இருந்தாலும் தலையை அசைக்கக் கூடாது. லேசாக அசைந்தாலும் அந்த வெள்ளைப் புள்ளி கலங்கிப்போகும்.