கணவர் தூக்கி எறியச் சொல்கிறார்!

கேள்வி: வயது 44. மூன்று வருடம் முன்பு சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் போனது, அசதி போகவில்லை. ஒரு நாள் துணி துவைத்து மாடியில் காயப்போட்டால் அடுத்த இரண்டு நாள் படுக்கைதான். ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். நாட்பட்ட களைப்பு நோய் என்று சொல்லி, இரவில் குளோனசெபாம் 0.5 மில்லிகிராம் கொடுத்தார் டாக்டர். ஒன்றரை வருடமாகப் போடுகிறேன். தூக்கம் வருகிறது, ஆனால் காலை பதினொரு மணி வரை தலை மந்தமாக இருக்கிறது. “அடிமையாகிவிடுவாய், தூக்கி எறி” என்கிறார் கணவர். எறியலாமா டாக்டர்?

- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: எறிய வேண்டாம் அம்மா. இத்தனை நாள் போட்டதைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் அடியோடு போகும், படபடப்பு வரும், சிலருக்கு வலிப்பே வரலாம். அதற்காக உங்கள் கணவர் பயப்படுவதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். இந்த வகை மருந்துகளுக்குப் பழகிப்போகும் ஆபத்து பற்றிய கடும் எச்சரிக்கையை 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே கட்டாயமாக்கியது.

உடம்பு கெஞ்சும், மூளை அடங்காது என்கிற நிலையில் இந்த மாத்திரை கொஞ்சம் அமைதி தரும். உங்கள் டாக்டர் அதற்காகத்தான் கொடுத்திருப்பார். ஆனால் இது உடம்பில் பாதியாகக் குறையவே 30, 40 மணி நேரம் ஆகும். நேற்றைய மாத்திரை பாதிகூடக் கரையாமல் இருக்கும்போதே இன்றைய மாத்திரை உள்ளே போகிறது. ஆழ்ந்த தூக்கத்தையும் இது குறைக்கும். ஆக, அந்தப் பதினொரு மணி மந்தத்தில் நோய் எவ்வளவு, மாத்திரை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. எனக்கு உறுத்துவது இதுதான்.

சரி, நீங்கள் குறட்டை விடுவீர்களா? நடுவில் மூச்சு நிற்கிறதா? உங்கள் கணவரைக் கேளுங்கள், அவருக்குத்தான் தெரியும். தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு இருந்தால் அதுவே காலை அசதிக்குக் காரணமாகலாம். இந்த மாத்திரை அதை மோசமாக்கும். அப்புறம், மூட்டு வலிக்கு டிரமடால் போடுகிறீர்களா? இரண்டும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடும் ஆபத்து உண்டு. உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

குறைப்பது என்று முடிவானால், அவர் மேற்பார்வையில் சிறிது சிறிதாக, மாதக்கணக்கில் குறையுங்கள். 0.25 மில்லிகிராம் மாத்திரையும் கிடைக்கிறது. முதல் சில வாரம் தூக்கம் தள்ளாடும்.

துணி விஷயம்: இந்த நோய்க்கு உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையை 2021-ல் பிரிட்டன் வழிகாட்டுதலே கைவிட்டது. அசதி வருவதற்கு முன்பே உட்கார்ந்துவிடுங்கள். வாளியை மாடிக்குத் தூக்கும் வேலை இனி கணவருடையது. நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.