‘95% பிளேஸ்மென்ட்’: எத்தனை பேரில்?

பெங்களூருவில் பிள்ளைகளை இன்ஜினியரிங் சேர்க்கப்போகும் தமிழ்ப் பெற்றோரின் கேள்விகள்.

அல்சூரிலிருந்து: சார், சி.இ.டி. (கர்நாடக நுழைவுத் தேர்வு) ரேங்குக்கு ரெண்டு காலேஜ் கிடைக்கும். என்.ஐ.ஆர்.எஃப். என்ற மத்திய அரசின் தரவரிசையில் ஒன்று 70, மற்றது 90. முதலாவதையே எடுத்துடலாமா?

அதற்காக மட்டும் வேண்டாம். நூறில் 30 ஆராய்ச்சிக்கு, 10 வெளியார் அபிப்பிராயத்துக்கு. கற்பித்தலும் வசதிகளும் சேர்ந்து 30, படித்து முடித்தவர்களின் நிலைக்கு 20தான். நடுவரிசையில் ஓரிரு மதிப்பெண்ணுக்குள் பல கல்லூரிகள் நெருக்கியடித்து நிற்கும். ரேங்கை விட்டுவிட்டு, அதற்காகக் கல்லூரி தந்த விவரங்களின் பிடிஎஃபை எடுங்கள். கல்லூரித் தளத்திலேயே கிடைக்கும். ‘ஓவரால்’ அல்ல, ‘இன்ஜினியரிங்’ கோப்பு.

சிவாஜிநகரிலிருந்து: 95% பிளேஸ்மென்ட் என்கிறார்களே, நம்பலாமா?

எத்தனை பேரில் என்று கேளுங்கள். அரியர் இல்லாமல், 60 சதவீதத்துக்கு மேல் வாங்கி, வேலைத் தேர்வுக்குப் பெயர் கொடுத்தவர்களை மட்டும் பல கல்லூரிகள் கணக்கில் எடுக்கும். அந்தக் கோப்பில் நான்கு வருடப் படிப்புக்கான வரியைப் பாருங்கள். உதாரணத்துக்கு: முதலாண்டில் சேர்ந்தவர் 180, லேட்டரல் என்ட்ரி (டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாமாண்டில் சேர்ந்தவர்) 20, உரிய காலத்தில் முடித்தவர் 150, வேலை கிடைத்தவர் 90, மேல்படிப்பு 30. ஆக 200க்கு 120, அதாவது 60%. பெயர் கொடுத்தவர் 95 பேர்தான் என்றால் அதே 90 பேர் விளம்பரத்தில் 95% ஆகிவிடுவார்கள்! 50 பேர் உரிய காலத்தில் முடிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். பாடம் எடுக்கும் லட்சணம் அங்கேதான் முதலில் தெரியும்.

அந்த வரியிலுள்ள மீடியன் சம்பளம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) வேலை கிடைத்தவர்களுக்கு மட்டுமானது. எல்லாப் பிரிவும் அதில் கலந்திருக்கும். மெக்கானிக்கல், சிவில் எடுப்பவர்கள் அந்தத் துறைக்கான எண்ணைத் தனியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கே.ஆர்.புரத்திலிருந்து: வாத்தியார்கள் எப்படி என்று போகாமலே தெரியுமா அண்ணா?

ஓரளவு தெரியும். அதே கோப்பில் ஆசிரியர் பட்டியல் இருக்கும்: தகுதி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, நிரந்தரமா ஒப்பந்தமா என்பது. அனுபவம் மாதத்தில் இருக்கும், 12ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை என்றால் ஆள் தங்கவில்லை என்று அர்த்தம்.

யஷ்வந்த்பூரிலிருந்து: நாக் ஏ++ இருந்தால் போதாதா?

நாக் என்பது முழு நிறுவனத்துக்கும் தரும் தர மதிப்பீடு. உங்கள் பிரிவுக்கு என்.பி.ஏ. (தனித்தனிப் பிரிவுக்கான அங்கீகாரம்) இருக்கிறதா, எந்த வருடம் வரை என்று பாருங்கள். 3 அல்லது 6 ஆண்டுக்குத் தருவார்கள். காலாவதியான சான்றிதழ் சுவரில் தொங்கிக்கொண்டேதான் இருக்கும்.

ஹெப்பாலிலிருந்து: தேர்ச்சி விகிதத்தை வைத்து ஒப்பிடலாமா?

தன்னாட்சிக் கல்லூரி கேள்வித்தாளைத் தானே தயாரிக்கும், மற்றவற்றில் வி.டி.யு. (விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) தாள். இரண்டையும் பக்கத்தில் வைக்காதீர்கள்.