பிரவுசரைச் சாத்தித் திறங்கள்

கேள்வி: கேரள மலையில் உள்ள வண்டிப்பெரியாற்றில் ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும் பார்க்கும் சிறிய கடை நடத்துகிறேன். மூன்று கணினிகள். இரண்டில் விண்டோஸ் 10, ஒன்றில் விண்டோஸ் 7. பிரவுசரின் மூலையில் அப்டேட் என்று தினமும் எரிந்துகொண்டே இருக்கிறது. எல்லா அப்டேட்டையும் நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் வேகம் போய்விடும் என்கிறான் தங்கை மகன். அப்டேட் செய்தால் டிஜிட்டல் கையெழுத்து வேலை செய்யாது என்கிறார் கம்பம் ஊரில் இருக்கும் எங்கள் கணக்கர். போன வாரம் ஏதோ ஒரு தளத்தில் "உங்கள் பிரவுசர் பழையது, இங்கே அழுத்துங்கள்" என்று வந்ததைக் கடைப் பையன் அழுத்தி, இறங்கிய கோப்பையும் திறந்துவிட்டான். மழைக்காலத்தில் கரண்ட்டும் நிலையில்லை. எதை, எப்போது அப்டேட் செய்வது?

பதில்: கடைப் பையன் பற்றிய பகுதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை ஒரு வாரம் காத்திருக்கும். பையன் அழுத்திய பொத்தான் காத்திருக்காது.

அந்தக் கணினியின் நெட் ஒயரை இப்போதே கழற்றுங்கள். வைஃபை என்றால் அணைத்துவிடுங்கள். இப்படி இறங்கும் போலி அப்டேட்டுகள் பெரும்பாலும் திரையில் எதையும் காட்டுவதில்லை. பிரவுசரில் சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொற்களையும், ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் கணக்குகளின் அடையாளக் குறிப்புகளையும் அள்ளிக்கொண்டு போய்விடும். கடவுச்சொல் தெரியாமலேயே உங்கள் மின்னஞ்சலுக்குள் நுழைய அந்தக் குறிப்பு போதும். ஆகவே இன்னொரு கணினியிலோ கைபேசியிலோ உட்கார்ந்து, மின்னஞ்சல், வங்கி, அரசுத் தளங்கள் ஆகியவற்றின் கடவுச்சொற்களை மாற்றுங்கள். மாற்றும்போது "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்ற வசதி இருந்தால் அதையும் அழுத்துங்கள். முதலில் மின்னஞ்சல், பிறகுதான் மற்றவை. மற்ற கணக்குகளின் சாவியெல்லாம் மின்னஞ்சலில்தான் தொங்குகிறது.

அதன்பின் மாட்டிக்கொண்ட கணினியில், விண்டோஸோடு வரும் டிஃபெண்டரில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்று ஒன்று இருக்கிறது, அதை ஓட விடுங்கள். விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே சோதிப்பதால், ஒளிந்திருப்பது அகப்பட வாய்ப்பு அதிகம். நானாக இருந்தால் அத்தோடும் விடமாட்டேன். ஆவணங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுவேன். உங்கள் கணினியில் இருப்பது உங்கள் கணக்கு மட்டுமல்ல, லயத்திலிருந்து (தோட்டக் குடியிருப்பிலிருந்து) வரும் தொழிலாளர்களின் ஆதார் நகலும் பி.எஃப். விவரமும்கூட. யாருடைய பணமாவது போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்குத் தாமதமில்லாமல் அழைக்க வேண்டும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அதே எண்தான்.

பையனைத் திட்ட வேண்டாம். உண்மையான செய்தியும் போலிச் செய்தியும் ஒரே சொற்களில் பேசுகின்றன. வேறுபாடு அவை வரும் இடத்தில்தான் இருக்கிறது. குரோம் தன் அப்டேட்டைப் பற்றித் தன் சாளரத்தின் மேல் பட்டையில், வலது மூலையில் மூன்று புள்ளி இருக்கும் இடத்தில் சொல்லும். நீங்கள் பார்க்கும் தளத்தின் பக்கத்துக்குள், நடுவில் ஒரு பெட்டியாக வந்து கோப்பு தராது. சில அரசுத் தளங்கள் உங்கள் பிரவுசர் பழையது என்று நிஜமாகவே எச்சரிப்பது உண்டு. அப்போதும் பக்கத்தில் உள்ள பொத்தானைத் தொடாமல் மூன்று புள்ளி, அதில் 'ஹெல்ப்', அதில் 'அபவுட் கூகுள் குரோம்' என்று போங்கள். அந்தப் பக்கம் திறந்ததுமே குரோம் தானாகச் சரிபார்க்கும். புதியது இருந்தால் தானாக இறக்கும். உங்கள் கை செய்ய வேண்டியது கடைசியில் வரும் 'ரீலாஞ்ச்' ஒன்றுதான். எட்ஜிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் வழி ஏறக்குறைய இதுவே.

இனி மூலையில் தினமும் எரிவதற்கு வருகிறேன். அது எரிகிறது என்றால் பெரும்பாலும் அப்டேட் ஏற்கெனவே உங்கள் கணினிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது என்று பொருள். டேட்டா செலவாகிவிட்டது, கோப்பும் வட்டில் ஏறிவிட்டது. ஆனால் பழைய குரோம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை மூடித் திறக்கும்வரை புதியது எழாது. குரோம் இதற்கு நிறம் வைத்திருந்தது: புதியது வந்து இரண்டு நாளுக்குள் என்றால் பச்சை, நான்கு நாள் என்றால் ஆரஞ்சு, ஒரு வாரம் தாண்டினால் சிவப்பு. இப்போது பல கணினிகளில் எழுத்தாகவே காட்டுகிறது. கம்பத்தில் பழுது பார்க்க என்னிடம் வரும் மடிக்கணினிகளில் பாதிக்கு மேல் இந்த நிலையில்தான் வருகின்றன. மூடியைச் சாத்தித் தூங்க வைப்பார்கள், காலையில் திறந்தால் நேற்றைய இருபது பக்கங்களும் அப்படியே இருக்கும். வசதிதான், ஆனால் அந்த வசதியோடு பழைய பாதுகாப்பு ஓட்டையும் அப்படியே இருக்கிறது.

உங்கள் தொழிலுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் 'கெஸ்ட்' சாளரத்தில் வேலை செய்து, அவர் எழுந்ததும் அதை மூடிவிடுங்கள். அவர் உள்நுழைந்த தடம் அதோடு அழிந்துவிடும். மதியம் சாப்பிடப் போகும்போது குரோமின் எல்லாச் சாளரங்களையும் மூடுங்கள்; அப்டேட்டும் முடிந்துவிடும். ஒரு கவனம்: பாதி நிரப்பிய விண்ணப்பம் திறந்திருந்தால் மூடாதீர்கள். பக்கங்கள் திரும்ப வரும், நிரப்பிய எழுத்துகள் வருமென்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும் மூடியும் குறி போகவில்லை என்றால், அமைப்புகளில் 'சிஸ்டம்' பகுதியில் குரோமை மூடிய பிறகும் பின்னணியில் ஓடவிடும் வசதி இயக்கத்தில் இருக்கும். அதை அணைத்துவிடுங்கள்.

இவ்வளவு அவசரம் ஏன் என்று தங்கை மகன் கேட்பார். கணினியில் வெளியாளைத் தினமும் வீட்டுக்குள் விடும் வாசல் பிரவுசர்தான். 2023 செப்டம்பரில் வெப்பி என்ற பட வகையைத் திறந்து காட்டும் நிரலில் ஒரு ஓட்டை வெளியானது. ஆப்பிளின் பாதுகாப்புக் குழுவும் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேபும் அதைத் தெரிவித்தன. கூகுள் 11-ஆம் தேதி குரோமுக்குத் திருத்தம் வெளியிட்டது, மறுநாள் ஃபயர்ஃபாக்ஸ் வெளியிட்டது. எதையும் இறக்க வேண்டாம், எதையும் அழுத்த வேண்டாம். கெடுநோக்கோடு செய்த ஒரு படம் திரையில் வந்தாலே போதும் என்கிற வகை ஓட்டை அது. திருத்தம் வரும்போது கூகுள் சொல்லவே சொன்னது, இதைப் பயன்படுத்தித் தாக்குதல் ஏற்கெனவே நடக்கிறது என்று. இதற்கு ஒரு மாதம் முன்பு, 2023 ஆகஸ்டில்தான் குரோம் பாதுகாப்புத் திருத்தங்களை வாரந்தோறும் தரத் தொடங்கியிருந்தது. காரணம் எளிது. திருத்தம் வெளியானதும், பழைய நிரலையும் புதிய நிரலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓட்டை எங்கே இருந்தது என்பது திருடனுக்கும் தெரிந்துவிடும். அடைத்தவனுக்குக் கவலையில்லை, அடைக்காதவன் வீட்டு முகவரி அன்றைக்கு ஊருக்கே தெரிந்துபோகிறது.

விண்டோஸின் கதையும் இதுவே. 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் ஒரு திருத்தம் கொடுத்தது. மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற கெடுநிரல் பரவியது. நடுவில் 59 நாட்கள் இருந்தன. கேரளத்தில் வயநாட்டிலும் பத்தனம்திட்டையிலும் ஊராட்சி அலுவலகக் கணினிகள் பூட்டிக்கொண்டன. ஆந்திரத்தில் காவல் துறைக் கணினிகள் மாட்டின. உலகெங்கும் அடிபட்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அவற்றுக்கான மருந்து இரண்டு மாதமாகக் கையெட்டும் தூரத்தில் இருந்தது.

அதற்காக அப்டேட் எல்லாம் அமிர்தம் என்று சொல்ல மாட்டேன். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு பிழையான அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஆகவே நான் பிரித்துச் சொல்வது வழக்கம். பிரவுசருக்குக் காத்திருக்கவே கூடாது. விண்டோஸின் மாதாந்திரத் திருத்தத்துக்கு ஐந்தாறு நாள் பொறுக்கலாம். அது மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று அமெரிக்காவில் வெளியாகிறது, நமக்கு இரவு பத்தரை, பதினொன்றரை ஆகிவிடும். அடுத்த திங்கட்கிழமை இரவு போடுங்கள். பெரிய கோளாறு ஏதாவது இருந்தால் அதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். ஞாயிறு வேண்டாம்; தோட்டத்தில் விடுமுறை, உங்கள் கடையில் அன்றுதான் கூட்டமாக இருக்கும். பிரிண்டர் டிரைவர், பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை நிரல்) போன்றவற்றைக் கோளாறு இல்லாதவரை தொடவே வேண்டாம்.

கரண்ட் பற்றிய பயத்தில் பாதி நியாயம். குரோம் புதிய பதிப்பைப் பழையதற்குப் பக்கத்தில் தனி உறையில் வைக்கிறது. நடுவில் மின்சாரம் போனாலும் பழையது பத்திரமாக இருக்கும். விண்டோஸ் பாதியில் நின்றால் அடுத்த முறை எழும்போது பெரும்பாலும் தானே பின்வாங்கிக்கொள்ளும். மின்சாரம் போனால் கணினியையே செத்த கட்டையாக்கக்கூடியது பயாஸ் அப்டேட் ஒன்றுதான். யு.பி.எஸ். இல்லாமல், அதுவும் ஜூன், ஜூலையில் உங்கள் மலையில், அந்த வேலையில் இறங்காதீர்கள்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பலருக்குத் தெரியாது: தினமும் இரவு 'ஷட் டவுன்' கொடுப்பதால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. சீக்கிரம் எழுவதற்காக தன் உட்கருவின் (மையப் பகுதியின்) நிலையைச் சேமித்து வைத்துக்கொண்டு படுக்கிறது. அதனால்தான் டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் 40 நாளாக ஓடுகிறேன் என்று சொல்லும். வாரம் ஒருமுறை 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது இதற்கு மாற்று அல்ல.

கைபேசி ஹாட்ஸ்பாட்டில் கடை நடக்கிற நாட்களில், அந்த இணைப்பை 'மீட்டர்ட்' என்று குறித்துவிட்டால் விண்டோஸ் பெரிய கோப்புகளை இறக்காமல் பொறுக்கும். 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' என்பதைக் கடைக்குள்ளிருக்கும் கணினிகளுக்கு மட்டும் இயக்கினால், ஒன்று இறக்கியதை மற்றது வாங்கிக்கொள்ளும். வேகம் குறைவது அப்டேட்டால் அல்ல. 4 ஜி.பி. நினைவகத்தோடும் சுழலும் பழைய வட்டோடும் இருக்கும் கணினிக்கு எஸ்.எஸ்.டி. என்ற சுழலாத வேக வட்டை மாட்டிப் பாருங்கள், தங்கை மகன் பேச்சை நிறுத்திவிடுவார்.

கணக்கர் சொன்னதில் ஒரு காலத்து உண்மை இருக்கிறது. முன்பு டிஜிட்டல் கையெழுத்து பிரவுசருக்குள் ஜாவா செருகுநிரலாக ஓடியது. குரோம் 2015-லும் ஃபயர்ஃபாக்ஸ் 2017-லும் அந்த வாசலை அடைத்தபோது நிஜமாகவே பலருக்குக் கையெழுத்து நின்றுபோனது. பழைய பதிப்பைப் பிடித்துக்கொண்டு அழுதவர்களை நானே பார்த்திருக்கிறேன். இப்போது கையெழுத்திடும் நிரல் பிரவுசருக்கு வெளியே தனியாக ஓடுகிறது. அப்டேட்டுக்குப் பிறகு டோக்கன் (கையெழுத்து இருக்கும் யு.எஸ்.பி. கருவி) தெரியவில்லை என்றால் அந்த நிரலை மூடி, வலது பொத்தானில் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து பாருங்கள்; பெரும்பாலும் அதோடு சரியாகும். இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் திறக்கும் பழைய தளம் ஏதாவது மிச்சமிருந்தால், 2022 ஜூனில் ஓய்வு கொடுக்கப்பட்ட அந்தப் பிரவுசரைத் தேட வேண்டாம். அப்படிப்பட்ட தளங்களைத் திறக்க எட்ஜில் ஒரு தனி நிலை (மோடு) உண்டு.

விண்டோஸ் 10-க்கு இலவசத் திருத்தம் 2025 அக்டோபர் 14-உடன் நின்றது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை அதில் சேமிக்கச் சம்மதித்தால் 2026 அக்டோபர் 13 வரை கட்டணமின்றித் திருத்தங்கள் பெறலாம். அப்டேட் பக்கத்திலேயே அதற்கான அழைப்பு தெரியும். அதற்குள் விண்டோஸ் 11 ஏறுமா என்று பாருங்கள். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். ஏறாது என்றால் லினக்ஸ் இருக்கிறது. முகம் சுளிக்காதீர்கள். கேரளத்துப் பள்ளிகளில் கைட் என்ற அரசு நிறுவனம் கொடுத்திருப்பது அதுதான். வண்டிப்பெரியாற்றில் படிக்கும் பிள்ளைக்கு அது உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். விண்ணப்பம் நிரப்பவும் அச்செடுக்கவும் தாராளமாகப் போதும். டாலி போன்ற கணக்கு மென்பொருள்கள்தான் அதில் நேராக ஓடாது.

கைபேசிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிளே ஸ்டோரில் குரோமையும் 'ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ'வையும் (செயலிகளுக்குள் வலைப்பக்கம் காட்டும் பகுதி) தானாக அப்டேட் ஆக விடுங்கள். 2025 ஆகஸ்ட் முதல் புதிய குரோம் ஆண்ட்ராய்டு 10-க்குக் கீழே வருவதில்லை; அப்படிப்பட்ட கைபேசியில் வங்கி வேலை வேண்டாம்.

மிச்சம் இருப்பது அந்த விண்டோஸ் 7. அதற்கான பொதுத் திருத்தம் 2020 ஜனவரி 14-லேயே நின்றுவிட்டது. குரோம் 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது, ஃபயர்ஃபாக்ஸ் 115-ஆம் பதிப்பின் நீண்டகாலக் கிளையில் சிலமுறை தவணை நீட்டியது, அவ்வளவுதான். பழைய ஸ்கேனர் அதில் மட்டும் ஓடுகிறது என்பதற்காக வைத்திருக்கிறீர்கள் என்றால் வைத்திருங்கள், தூக்கிப்போடச் சொல்ல மாட்டேன். ஆனால் நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஒயர் செருகும் துளையில் ஒரு துண்டு டேப்பையும் ஒட்டிவிடுங்கள். அவசரத்தில் யாராவது செருகிவிடாமல் இருக்கும். அதிலிருந்து பென் டிரைவில் எடுக்கும் கோப்பை விண்டோஸ் 10 கணினியில் டிஃபெண்டரால் சோதித்த பிறகே திறங்கள். அந்த ஒரு பென் டிரைவுக்குச் சிவப்புக் கயிறு கட்டித் தனியாக மாட்டி வையுங்கள், வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவுகளோடு அது கலந்துவிடக் கூடாது.