பேராசிரியரோடு ஒத்துவரவில்லை, பிஎச்டியை விட்டுவிடலாமா?

வணக்கம் அக்கா,

உங்கள் மகனின் ஆய்வுத் தலைப்பைப் பேராசிரியர் ஏற்கவில்லை, தன் போக்குவரத்துத் தரவையே அலசச் சொல்கிறார், பையன் பிஎச்டியை விட்டுவிடுவேன் என்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். நீங்களே பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். பெற்றோர் சந்திப்பெல்லாம் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக்கல்லூரியோடு சரி.

அவனுடைய ஆய்வுத் திட்டத்தைப் படித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், பேராசிரியர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ‘நகரங்கள் உலகை எப்படி மாற்றுகின்றன’ என்பது 4 ஆண்டில் முடிகிற கேள்வியா? ஆராய்ச்சி உதவித்தொகை பெரும்பாலும் அதற்கு மேல் வராது.

அதையே சாலைக் கட்டணம் ஒன்றுக்குள் அடக்கலாம். இங்கே சிங்கப்பூரில் 1975 ஜூனிலிருந்து காலை நெரிசல் நேரத்தில் நகர மையத்துக்குள் காரில் போக, நாளுக்கு 3 வெள்ளி (டாலர்) கொடுத்துக் காகித உரிமம் வாங்கிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டியிருந்தது. காரில் நால்வர் இருந்தால் கட்டணம் இல்லை. 1998இல் அது மின்னியல் கட்டணமாயிற்று. லண்டன் 2003இல் தன் பாணியில் தொடங்கியது. ஸ்டாக்ஹோம் 2006இல் 7 மாதம் சோதித்து, வாக்கெடுப்பும் நடத்தி, மறு ஆண்டு நிரந்தரமாக்கியது. இங்கே தொடங்கியதை அவர்கள் ஏன் அப்படியே எடுக்காமல் மாற்றி எடுத்தார்கள்? அவன் கேட்க நினைப்பது இதைத்தான். பேராசிரியரின் தரவுக்கும் இதில் இடமுண்டு.

இதை ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போய் அவரோடு உட்காரட்டும். ‘உங்கள் தரவை வைத்து இதைக் கேட்கலாமா’ என்று பேச்சைத் தொடங்கட்டும். முடிவானதை அன்றே மின்னஞ்சலில் அனுப்பிவிட வேண்டும். வாய்ப்பேச்சு மூன்று மாதத்தில் இருவருக்கும் வேறு வேறாக நினைவிருக்கும்.

அப்படியும் நடக்கவில்லையென்றால், ஆய்வுக் குழுவிலுள்ள இன்னொரு பேராசிரியரிடமோ துறையின் பட்டமேற்படிப்புப் பொறுப்பாளரிடமோ போகலாம். மேற்பார்வையாளரை மாற்றுவது நடக்காத காரியமில்லை. ஆனால் தகுதித் தேர்வுக்கு (ஆய்வைத் தொடரலாமா என்று பார்க்கப் பல்கலைக்கழகம் வைக்கும் தேர்வு) முன்னால் மாறினால் இழப்பு குறைவு, பின்னால் மாறினால் செய்த வேலை பாதி வீணாகலாம். புதியவர் சம்மதித்த பிறகே பழையவரிடம் சொல்ல வேண்டும். மற்றபடி அவமதிப்பு, உழைத்த கட்டுரையில் பெயரை விடுவது என்றெல்லாம் இருந்தால் கதையே வேறு. பொறுத்துப் போகச் சொல்லாதீர்கள்.

வேலைக் கவலைக்கு வருவோம். நகர மறுசீரமைப்பு ஆணையம், நிலப் போக்குவரத்து ஆணையம், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) எல்லாம் தரவை வைத்துத்தான் திட்டமிடுகின்றன. பேராசிரியர் திணிப்பதாக அவன் முணுமுணுக்கும் அந்தக் கணக்கு அங்கே கைகொடுக்கும்.

அவனுக்குத் தகுதித் தேர்வு எந்த மாதம் என்று மட்டும் கேட்டு எழுதுங்கள். அதை வைத்துத்தான் இந்தப் பேச்சை எப்போது வைத்துக்கொள்வது என்று சொல்ல முடியும்.