லண்டனில் ஒரு குளிர்காலப் பகல்: நீங்கள் இருவர் மட்டும் சுற்றிவர

திருநகரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மகன் லண்டனுக்குப் பக்கத்து ஊரான ரெடிங்கில் இருக்கிறான். டிசம்பர் கடைசியில் போய் ஒரு மாதம் தங்கப் போகிறோம். எனக்கு 58, மனைவிக்கு 54. ஒரு நாளாவது பிள்ளைகளைத் தொந்தரவு செய்யாமல் நாங்கள் இரண்டு பேர் மட்டும் லண்டனைப் பார்த்துவிட்டு வர ஆசை. குளிர் தாங்குமா? எதை முதலில் பார்ப்பது? அவள் சேலைதான் கட்டுவாள்."

தாராளமாகப் போய்வரலாம் அண்ணே. மதுரைப் பக்கமிருந்து பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. குளிரைப் பற்றிக் கேட்காதவர்கள் கிடையாது, வெளிச்சத்தைப் பற்றிக் கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. நம்மூரில் மார்கழியில்கூட சாயங்காலம் ஆறு மணி வரை வெளிச்சம் இருக்கும். அங்கே டிசம்பர் கடைசியில் காலை எட்டு தாண்டித்தான் சூரியன் தலைகாட்டும், மாலை நாலுக்குள் மறைந்துவிடும், உச்சிப்பொழுதில்கூட அடிவானத்திலிருந்து 15 பாகை அளவுக்குத்தான் ஏறும். குளிருக்குப் பயந்து காலை பத்து மணிக்கே ஒரு மியூசியத்துக்குள் நுழைந்தால், மூன்றரைக்கு வெளியே வரும்போது ஊர் இருட்டிக்கொண்டு இருக்கும். அதனால் வெளியே பார்க்க வேண்டியதை எல்லாம் மூன்றரைக்குள் முடித்துக்கொண்டு, மியூசியத்தை இருட்டிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குத் தோதான நாள் வெள்ளிக்கிழமை. விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் அன்றைக்கு மட்டும் இரவு பத்து வரை திறந்திருக்கும், நுழைவு இலவசம். டிசம்பர் 24 முதல் 26 வரை அது மூடியிருக்கும், 25 அன்று லண்டனில் பஸ், மெட்ரோ எதுவும் ஓடாது. அதனால் ஜனவரி நடுவில் ஒரு வெள்ளியாகப் பாருங்கள். அப்போது சூரியன் மறைய நாலேகால் ஆகிவிடும், அந்தக் கொஞ்ச நேரமும் நமக்கு லாபம்தான்.

குளிர் விஷயத்துக்கு வருவோம். கொடைக்கானலில் ஜனவரி ராத்திரி எப்படி இருக்குமோ, கிட்டத்தட்ட அதுதான் லண்டனின் ஜனவரி மதியம், எட்டு டிகிரி பக்கம். கூடவே ஆற்றங்காற்றும் தூறலும். ஒரே ஒரு கனத்த ஸ்வெட்டரை நம்பிப் போகாதீர்கள். உடம்போடு ஒட்டிய தெர்மல், அதற்கு மேல் கம்பளி, அதற்கு மேல் காற்றும் தண்ணீரும் புகாத ஜாக்கெட் என்று அடுக்காகப் போடுங்கள், அடுக்குகளுக்கு நடுவே நிற்கிற காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், நடந்து வியர்த்தால் ஈரம் காயாமல் முதுகில் சில்லென்று நிற்கும். ரயிலிலும் மியூசியத்திலும் ஹீட்டர் ஓடும், அங்கே மேலே உள்ளதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மதினி சேலையிலேயே வரட்டும். பாவாடைக்குள் தெர்மல் பேன்ட், ரவிக்கைக்குள் முழுக்கை தெர்மல், மேலே முழங்கால் வரை வருகிற ஜாக்கெட். சேலையைக் கணுக்காலுக்கு மேலேயே நிற்கிற மாதிரி கட்டச் சொல்லுங்கள். ஓரம் ஈரமானால் நாள் முழுக்கக் கால் விறைக்கும், மெட்ரோ எஸ்கலேட்டரில் சிக்குகிற ஆபத்தும் உண்டு. இன்னொன்று, மெட்டி. கம்பளி சாக்ஸ் போட்டு இறுக்கமான ஷூவுக்குள் காலை விட்டால் நடக்க நடக்க மெட்டி பக்கத்து விரலில் அழுத்திப் புண்ணாக்கிவிடும். விரல் பக்கம் அகலமான ஷூவாக, அந்த சாக்ஸையே போட்டுப் பார்த்து இங்கேயே வாங்கி, கிளம்புமுன் சில வாரம் அதிலேயே நடந்து பழகட்டும்.

ரெடிங்கில் காலை ஒன்பதரைக்குப் பிறகு ஏறினால் கட்டணம் குறைவு. லண்டனின் பேடிங்டன் ஸ்டேஷனுக்கு அரை மணி நேரத்தில் போகிற ரயிலாகப் பார்த்து ஏறுங்கள், எலிசபெத் லைன் ரயில் ஊர் ஊராக நின்று போகும். டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை, கார்டைத் தட்டினால் போதும். ஆனால் ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும், ஒரே கார்டை இருவருக்கும் தட்ட முடியாது. நம் வங்கி கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் கான்டாக்ட்லெஸ் வசதியையும் கிளம்புமுன் ஆப்பில் திறந்துவிடுங்கள். லண்டன் பஸ்ஸில் காசு வாங்க மாட்டார்கள்.

பேடிங்டனிலிருந்து சர்க்கிள் லைன் மெட்ரோவில் வெஸ்ட்மின்ஸ்டர். இறங்கியதும் பாலத்தைக் கடந்து எதிர்க்கரைக்குப் போய்விடுங்கள். பாராளுமன்றத்தின் ஆற்றைப் பார்த்த முகம் கிழக்கு நோக்கியது. காலையில் மேகம் விலகினால் அந்த வெயில் நேராக அதில் விழுந்து கல் முழுக்கப் பொன்னிறமாகத் தெரியும், மதியத்துக்கு மேல் போனால் சூரியன் பின்னால் போய்க் கட்டடம் கறுத்துவிடும். படம் எடுப்பதாக இருந்தால் அங்கே, அப்போதே எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்து வைட்ஹால் வழியாக டிரஃபால்கர் சதுக்கம் வரை மெதுவாக நடக்கலாம். அரண்மனைக் காவலர் மாற்றத்துக்காக ஒரு மணி நேரம் குளிரில் அசையாமல் நிற்பதை நான் சொல்ல மாட்டேன், போகிற வழியிலேயே குதிரைக் காவலர்களைப் பார்த்துவிடலாம். சதுக்கத்தில் நேஷனல் கேலரிக்குள் அரை மணி நேரம், படம் பார்த்த மாதிரியும் ஆச்சு, கழிப்பறைக்குப் போன மாதிரியும் ஆச்சு. குளிரில் அடிக்கடி சிறுநீர் வரும், அதற்குப் பயந்து தண்ணீரை மட்டும் குறைத்துவிடாதீர்கள். சாப்பாட்டுக்கு நல்லெண்ணெயில் செய்த புளியோதரை கொண்டு போங்கள், தேங்காய் எண்ணெய், நெய் விட்டதெல்லாம் அந்தக் குளிரில் உறைந்துவிடும்.

அங்கிருந்து 15ஆம் எண் பஸ், மாடியில் முன் சீட். செயின்ட் பால் தேவாலயத்தை ஒட்டி டவர் ஆஃப் லண்டன் என்கிற பழைய கோட்டை வரை போகும், வழியெல்லாம் பார்த்துக்கொண்டே உட்காரலாம். கோட்டையை வெளியிலிருந்து பார்த்தாலே போதும், டவர் பாலத்தில் நடந்து முடிக்கும்போது விளக்குப் போடுகிற நேரம் ஆகியிருக்கும்.

பிரிட்டிஷ் மியூசியத்தில் 1100 வாக்கில் வார்த்த சோழர் கால நடராஜர் இருக்கிறார். மீனாட்சி கோயில் வெள்ளியம்பலத்தில் வலக்கால் தூக்கிக் கால் மாறி ஆடியவரையே பார்த்து வளர்ந்த நமக்கு, வழக்கம்போல் இடக்கால் தூக்கியவரை அங்கே போய்ப் பார்க்கிறது தனி அனுபவம். ஆனால் அதை மகனோடு இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டைப் பக்கத்து மெட்ரோ ஸ்டேஷனான டவர் ஹில்லிலிருந்து அதற்கு ரயில் மாற வேண்டும். விக்டோரியா ஆல்பர்ட்டுக்கு மாறாமல் சவுத் கென்சிங்டன் போய் இறங்கலாம். ரோமில் உள்ள டிராஜன் தூணின் பிளாஸ்டர் நகல் அங்கே இருக்கிறது, ஒரே தூணாக நிறுத்தக் கூரை எட்டாமல் இரண்டு துண்டாக நிறுத்தியிருக்கிறார்கள்.

வெள்ளி மாலை நாலிலிருந்து ஏழு வரை மெட்ரோவில் நிற்க இடம் இருக்காது. ஏழரைக்குக் கிளம்புங்கள். சவுத் கென்சிங்டனில் சர்க்கிள் லைன் நடைமேடைக்கே டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலும் வரும், பலகையில் சர்க்கிள் என்று காட்டினால் மட்டும் ஏறுங்கள். ஐந்தாவது நிறுத்தம் பேடிங்டன்.