நெல்லைப் பார்க்கிறார்கள், உளுந்தை யார் பார்க்கிறார்கள்?

காலநிலை மாற்றத்தால் சிறு விவசாயிகளின் விளைச்சலும் சாப்பாடும் நிஜமாகவே மாறியிருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறியிருக்கிறது. ஆனால் மழை, வெள்ளம் என்றதும் எல்லோரும் நெல்லைத்தான் பார்க்கிறார்கள். நான் உளுந்தைப் பார்க்கச் சொல்வேன்.

எங்களுக்கு மன்னார்குடி பக்கம் மூன்று ஏக்கர் நஞ்சை. சம்பா நெல் களத்திலிருந்து நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடும். மாதத்தில் பாதி நாள் சோறு ரேஷன் அரிசியில்தான். 2011 முதல் அது விலையில்லாமலே கிடைக்கிறது. அதனால் நெல் போனால் கடன் ஏறும், ஆனால் உலை கொதிக்கும். சோற்றோடு சேர்கிற மற்றதெல்லாம்தான் குறையும்.

காவிரி டெல்டாவில் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தோ பச்சைப்பயறோ தெளித்துவிடுவோம். மண் மெழுகு பதத்தில் இருக்கணும்: கால் வைத்தால் தடம் பதியணும், தண்ணீர் ஊறி நிற்கக்கூடாது. உழவு கிடையாது, பாய்ச்சல் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கிற ஈரமும் பனியும்தான் எல்லாம். ‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்பார்களே, அந்தப் பனியிலேயே எழுபது நாள் சொச்சத்தில் காய்த்துவிடும். வருவதில் ஒரு பங்கு வியாபாரிக்கு, மிச்சம் வீட்டு டிரம்முக்கு. வருஷம் முழுக்க இட்லி மாவு, வயசுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களி, காய்ச்சல்காரருக்குப் பயற்றங்கஞ்சி எல்லாம் அந்த டிரம்மிலிருந்துதான். எங்கள் ஊரில் பயறு பறிக்க வருகிறவர்களுக்குக் கூலியும் பயறாகவே போகும். நிலமில்லாத வீட்டிலும் பருப்பு இருந்தது அதனால்தான்.

இவ்வளவுக்கும் தை மாசம் வானம் வெளுத்திருக்கணும். 2021இல் பொங்கல் சமயத்தில் கொட்டித் தீர்த்தது. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் மறுபடியும். ஒரு மழையைக் காட்டி ‘இது காலநிலை மாற்றம்’ என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனால் காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். பெய்தால் மொத்தமாகப் பெய்வதற்கு அது ஒரு காரணம். கதிர் முற்றிய பயிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. அடியில் அப்போதுதான் இரண்டு இலை விட்ட உளுந்து அழுகிப்போனது. தப்பிய கொஞ்சத்தையும் சேற்றில் இறங்கிய பெல்ட் மெஷின் (நெல் அறுக்கிற இயந்திரம்) மிதித்து முடித்தது. சாய்ந்த பயிர் என்பதால் வழக்கத்தைவிட அதிக நேரம், வாடகையோ மணிக்கணக்கு.

அந்த 2023இல் நெல் கொள்முதலுக்கான ஈரப்பத வரம்பை 17 சதவீதத்திலிருந்து 20 வரை தளர்த்தினார்கள். மாநில அரசு நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தது. அதே அறிவிப்பில் இளம் பயறுக்கு ஹெக்டேருக்கு 3,000. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 1,200 ரூபாய். கடையில் உளுந்து கிலோ நூறைத் தாண்டி நிற்கிறது. ஒரு போகம் விளைந்திருக்க வேண்டிய இடத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோ கைக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வைக்கோல் இன்னொரு கதை. ஊறிக் கறுத்த வைக்கோலை மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். விலைக்கு வாங்கிப் போட்டுக் கட்டுப்படியாகாமல் பலர் மாட்டை விற்றார்கள். இப்போது அந்த வீடுகளில் டீக்கு மட்டும் பாக்கெட் பால், தயிர் விசேஷ நாளில். எங்கள் அம்மா இட்லி மாவில் அரிசி நாலுக்கு ஒன்றாகப் போட்ட உளுந்தை ஆறுக்கு ஒன்றாக்கிவிட்டார். கூடவே பழைய சோறும் கொஞ்சம் வெந்தயமும் சேர்த்து அரைப்பதால் இட்லி மெத்தென்றே இருக்கிறது, வித்தியாசம் தெரியாது. உடம்புக்குத் தெரியும்.

வறட்சியும் இதே பயிரில்தான் கை வைக்கிறது. 2023 ஆகஸ்ட், 1901இலிருந்து இருக்கிற பதிவுகளில் இந்தியாவுக்கு மிக வறண்ட ஆகஸ்ட். எங்களுக்குத் தண்ணீர் தருகிற மேட்டூர் அணையை அக்டோபர் 10ஆம் தேதியே மூடினார்கள். அடுத்த வருஷம் ஜூன் 12க்குப் பதில் ஜூலை 28இல்தான் திறந்தார்கள். தண்ணீர் பிந்தினால் சம்பா பிந்தும், உளுந்தும் பிந்தும். பங்குனி வெயிலில் பூத்தால் பூ உதிர்ந்துவிடும்.

ரேஷன் அரிசி இருக்கிறதே என்பவர்களுக்கு ஒன்று. ஜப்பானிலும் சீனாவிலும் 18 நெல் ரகங்களை இந்த நூற்றாண்டில் வரப்போகிற கரியமில வாயு அளவில் வளர்த்துப் பார்த்த ஆய்வு 2018இல் வந்தது. அரிசியில் புரதம் சுமார் 10 சதவீதம், இரும்பு 8, துத்தநாகம் 5 குறைந்திருந்தன. பருப்பும் பாலும் போன தட்டில் மிஞ்சுவது இந்த அரிசிதான்.

புது ரகம் போடலாமே என்பார்கள். சி.ஆர். 1009 சப்-1 நல்ல ரகம், இளம் பயிராக இரண்டு வாரம் வரை முழுகிக் கிடந்தாலும் பிழைக்கும். முற்றிச் சாய்ந்த கதிருக்கும் அடியில் முளைக்கிற உளுந்துக்கும் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

போர்வெல் இருக்கிறவர்கள் உளுந்தைக் கைவிட்டுக் கோடைப் பருத்திக்குப் போகிறார்கள். “பருத்தியை வித்துப் பருப்பு வாங்கிக்கலாம் தம்பி” என்கிறார் பக்கத்து வயல்காரர். கணக்குப்படி அவர் சொல்வது சரி. ஆனால் பருத்திக் காசு வந்ததும் முதலில் நகைக்கடனுக்கும் உரக்கடை பாக்கிக்கும் போகிறது. பருப்பின் முறை வருவதற்குள் அது தீர்ந்துவிடுகிறது.